நடுவில் பஞ்சு வைக்காத சுவர்

சித்தூர்,
வியாழக்கிழமை மாலை.

என் மனைவியின் ஒரே தம்பியும், திருப்பதியில் லாட்ஜ் நடத்துகிறவரும், வயதில் எனக்கு இளையவராக இருந்தும் மற்ற எல்லாவற்றிலும் மூத்தவரைப் போல நடந்துகொள்கிறவருமான மைத்துனர் பாலசுப்பிரமணியனுக்கு, கோவர்த்தனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா சுலோச்சனாவும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் ஸ்ரீதேவியும் பிள்ளைகளும் நலமாக இருக்கவும், லாட்ஜில் எல்லா அறைகளும் நிறைந்திருக்கவும் ஏழுமலையானை வேண்டுகிறேன். இந்தக் கடைசி வேண்டுதல் புதிது. போன வாரம் வரை வேறு மாதிரி வேண்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊரில் இருந்துகொண்டு, கையில் போனும் வைத்துக்கொண்டு, இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் ஸ்ரீதேவியிடம் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் போனில் பேச முடியாது. பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஆகவே சமையலறையில் சாப்பாட்டு மேஜைமேல் காகிதத்தை வைத்து, ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சத்தம் வராத ஒரே வழியான எழுத்தில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்கள் வாட்ஸாப்புக்கு அனுப்புவேன். படித்ததும் அழித்துவிடவும். குடும்ப குரூப்பில் தவறிப்போய்ப் போட்டுவிட வேண்டாம்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவந்து, என் மாமனாரும் உங்கள் நைனாவுமான ஜெகநாதன் மாமாவைத் திருப்பதிக்கே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அழைத்துப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். அவர் ஏன் கிளம்புகிறார் என்பதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நான்தான் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருப்பதால் முதலிலிருந்து தொடங்குகிறேன். கடைசிக்கு வந்து சேர அவ்வளவு நேரமாவது கிடைக்குமே.

மாமா எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சித்தூர்–பலமனேர் ரூட்டில் கண்டக்டராக இருந்த காலத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் தினமும் போவார். இறங்குவார், மகளைப் பார்ப்பார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், ஏறிவிடுவார். ரிட்டையர் ஆன பிறகும் காலையில் வந்து சாப்பிட்டுவிட்டு சாயங்காலமே பஸ் பிடித்துவிடுவார். "பொண்ணு குடுத்த வூட்ல ராத் தங்கறதா? நல்லா கீதே" என்பார். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் இங்கே வந்து இருக்க ஒப்புக்கொண்டார் என்று சுலோச்சனா சொன்னபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் அவர் முதுகு சாய மாட்டார். தனிச் சுவர், தனிக் கதவு இருந்தால் வருவார். அதாவது வீட்டோடு சேர்த்து ஒரு அறை கட்ட வேண்டும், ஆனால் அது வீட்டோடு சேரக் கூடாது. நடுவில் நான்கு விரல் சந்தாவது இருக்க வேண்டும். பௌதிகம் சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தவன் நான். இப்படி ஒரு கணக்கு எந்தக் கேள்வித்தாளிலும் வந்ததில்லை.

இடம் இருந்தது ஒன்றுதான்: சமையலறை ஜன்னலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே. அதற்குக் கீழே செப்டிக் டேங்க். மேலே செங்கல் சுவர் எழுப்பினால் எல்லோருமாகச் சேர்ந்து கீழே போய்விடுவோம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆகவே இலேசான சட்டம் நிறுத்தி, அதன்மேல் பலகையோ தகடோ எதையாவது வைத்து மூடுவது என்று முடிவானது. எதை நிறுத்துவது, எதை வைத்து மூடுவது என்பதில்தான் நான் மனிதனாக இல்லாமல் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் போன் செய்தீர்கள். நீங்கள் சொன்னது வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "மாமா, ரெண்டங்குல இரும்பு பைப்பு போடுங்க, கனமானதா. ரெண்டு பக்கமும் சிமெண்ட் போர்டு அடிங்க. நடுவுல பஞ்சு வைக்க மறந்துடாதீங்க. ராக்வுல்னு மெத்தை மாதிரி சுருட்டி விக்கிறாங்க. அது இல்லாம மூடினா சுவரு இல்ல மாமா அது, மத்தளம். என் லாட்ஜுல மொதல்ல ரெண்டு ரூம் அப்படித்தான் தடுத்தேன். இந்த ரூம்காரன் தும்மினா அந்த ரூம்காரன் நூறு வயசுன்னு வாழ்த்தினான்." நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஒலி எப்படிப் பரவும், எதில் அடங்கும் என்பதை வருஷா வருஷம் இண்டர்மீடியட் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். நீங்கள் பேசியது பாடப்புத்தகம். நீங்கள் பேசினீர்கள் என்பதுதான் அதிலிருந்த ஒரே குறை.

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், உங்களுக்கு ஞாபகமே இருக்காது. உங்கள் லாட்ஜில் மேல்மாடி திறந்த அன்று குடும்பத்தோடு வந்தேன். ரிசப்ஷனில் உங்கள் ஆள் என்னிடம் ஆதார் கார்டு கேட்டான். நான் முதலாளிக்கு அக்கா புருஷன் என்றேன். "ரிலேஷன்னாலும் எண்ட்ரி போடணும் சார், மொதலாளி ஆர்டர்" என்று ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தான். எழுதினேன். வாய்விட்டுச் சொல்லாமல் எனக்கு ஒரு எழுத்தும் எழுத வராது, கரும்பலகையிலேயே காலம் கழித்தவனுக்கு வரும் தொழில் வியாதி அது. நான் "கோ... வர்... த்தனன், தகப்பனார் பெயர்..." என்று சொல்லிச் சொல்லி எழுதியதைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். வந்த காரணம் என்ற கட்டத்தில் "மைத்துனரைப் பார்க்க" என்று எழுதினேன். அவன் அதை அடித்துவிட்டு "தரிசனம்" என்று போட்டான். நீங்கள் பக்கத்தில் நின்று யாரோ மந்தை மந்தையாய் வந்தவர்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த ரெஜிஸ்டரை நான் இன்னும் மூடவில்லை. அதனால் நீங்கள் பைப்பு என்று சொன்னதும் நான் மரம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கல்லூரி ஆபீஸில் இருக்கும் பாலையாவுக்குப் பங்காருபாளையத்தில் மாந்தோப்பு. கிழட்டு மரங்களை வெட்டிப் பலகை அறுத்து வைத்திருந்தார். மாம்பலகைதான் உடம்புக்குக் குளிர்ச்சி, மரம் மூச்சு விடும் என்று சுலோச்சனாவிடம் ஒரு சொற்பொழிவு செய்து, சவுக்குக் கழி நட்டு, மாம்பலகையால் மூடினேன். வேலைக்கு வந்தவன் சீனு. பலமனேர் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட் வைத்திருக்கிறான். நல்ல பையன். அவனிடம் ஒரே குறை, எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டான். "மரத்துலயா சார்? செய்யலாம் சார்." செய்தான். கொஞ்ச நாளில் சுலோச்சனா அந்த அறையைப் பெருக்கப் போனவள், "யாரு இங்க வந்து மாவு சலிச்சது?" என்று கேட்டாள். மாவு இல்லை. பலகையை உள்ளேயிருந்து பூச்சி குடைந்து குடைந்து தூளாகத் தள்ளிக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டால் கருக்கு கருக்கு என்று துன்னுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அன்றைக்கே நான் சத்தத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். பூச்சியைப் பற்றித்தான் யோசித்தேன்.

அதைப் பிரித்துவிட்டு பிளைவுட் வாங்கினேன். அதிலும் நீங்கள் சொல்லாத ரகமாகப் பார்த்து, மழைக்கு ஆகாது என்று கடைக்காரரே சொன்ன ரகத்தை வாங்கினேன். "மழையா? இங்கே எங்கே மழை?" என்று அவரிடம் கேட்டேன். ஐப்பசியில் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. புயல் மழை பிடித்து அடித்ததில் சுவர் நான்கும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பின. கதவு திறக்கவில்லை. சீனு வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல பெயிண்ட் அடிக்கலாம் சார்" என்றான். பக்கத்து வீட்டு மனோரமா அம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்புறம் நின்று, "வாத்தியாரே, மூணாவது தபா எதுல கட்டப் போறீங்க, அட்டையிலயா?" என்று விசாரித்தார்கள். அவர்கள் என்னைக் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். அதுதான் இன்னும் அவமானம்.

கடைசியில் வேறு வழியில்லாமல் நீங்கள் சொன்ன இரும்புக்கும் சிமெண்ட் போர்டுக்குமே வந்தேன். வந்தேன் என்றாலும் முழுசாகத் தோற்க மனம் வரவில்லை. நீங்கள் கனமான பைப் என்றீர்கள், நான் மெல்லிசு வாங்கினேன். சீனு, "நடுவுல பஞ்சு ஏதாச்சும் வெக்கலாமா சார்?" என்று தானாகவே கேட்டான். கேளுங்கள், எதற்கும் ஆமாம் போடுகிற அவனே கேட்டான். நான் நிமிர்ந்து நின்று, "காற்றுதான் இருப்பதிலேயே நல்ல தடுப்பு, வெறுமனே விடு" என்றேன். பாதி உண்மை. வெப்பத்துக்குக் கொஞ்சம் சரி, சத்தத்துக்குத் துளியும் சரியில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தே சொன்னேன். பஞ்சு வைத்தால் பாலு சொன்னதைக் கேட்டதாக ஆகிவிடும் என்பதைத் தவிர அதில் வேறு விஞ்ஞானம் எதுவும் இல்லை. "செய்யலாம் சார்" என்றான்.

சீனுவுக்குத் தெரிந்த தொழில் வண்டிக்கு பாடி கட்டுவது. அதைத்தான் கட்டினான். முடிந்த பிறகு போய்ப் பார்க்கிறேன், மூலைகள் எல்லாம் வளைந்திருக்கின்றன, போர்டு ஓரமெல்லாம் தகட்டுப் பட்டை வைத்து வரிசையாக ரிவிட் அடித்திருக்கிறான், மேலே ரேக்கு, அதாவது கூரைத் தகரம், அதைச் சுற்றி மழைத்தண்ணீர் வழிய லாரிக்கு வைக்கிற விளிம்பு. ஜன்னலுக்குப் பழைய பஸ் ஒன்றின் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டுவந்து பொருத்தியிருந்தான், பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. அதன் கீழே தெலுங்கில், தல, சேதுலு பயட பெட்டராது என்று சிவப்பு எழுத்து அழியாமல் இருந்தது. தலையையும் கையையும் வெளியே நீட்டக்கூடாதாம். உங்கள் நைனா வாழ்நாள் பூராவும் பயணிகளிடம் சொன்ன வாசகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் வந்து பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று நினைத்துத்தான், மாமாவை நினைத்து இல்லை.

நீங்கள் லாட்ஜிலிருந்து மாமாவைக் காரில் கொண்டுவந்து விட்ட அன்று உள்ளே வராமல் அவசரமாகத் திரும்பிவிட்டீர்கள். இருந்திருந்தால் ஒன்று பார்த்திருப்பீர்கள். மாமா அறை வாசலில் நின்றார். உள்ளங்கையால் சுவரைத் தடவினார். பிறகு விரல்களை மடக்கி இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்றார். "யாரு மாப்ளே பாடி கட்டினது? டிப்போ வேலை மாதிரியே கீது." போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கும் சுலோச்சனாவுக்கும் ஒரு ஏற்பாடு உண்டானது. சுவரில் ஒரு தட்டு என்றால் நில், வா, ஏதோ வேண்டும். இரண்டு தட்டு என்றால் எல்லாம் சரி, நீ உன் வேலையைப் பார். கண்டக்டர் விதி. இவள் சமையலறையில் தாளிப்பாள், ஜன்னல் திறந்திருக்கும், உள்ளேயிருந்து அவர், "சுலோ, கடுகு இன்னும் வெடிக்கல, அவசரப்படாத" என்பார். இவள், "நீ அங்கே உக்காந்துக்கினு என் அடுப்பை ஓட்டாத நைனா" என்பாள். இந்த வீட்டில் இவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வருத்தமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் இவள் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறாளா என்று.

இப்போது அந்தக் கடைசிக்கு வந்துவிட்டேன். போன வாரம் ஒரு நாள் உங்கள் வாட்ஸாப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். லாட்ஜில் மாமா இருந்த அறைக்குப் புது வர்ணம் அடித்து, டீலக்ஸ் என்று எழுதிப் படம் போட்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சமையலறைக்குப் போனேன். விவரம் தெரிந்தவன் அல்லவா, முதலில் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் கண்ணாடி, நான்கு விரல் காற்று, உள்ளே ஒன்றுமே இல்லாத இரண்டு போர்டு. இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருந்தால் என் மாணவர்களில் மக்காக இருக்கிறவன்கூட, சார் இது மத்தளம் என்று சொல்லியிருப்பான். நான் தாழ்ப்பாளை நம்பினேன். "பார்த்தியா, உன் தம்பி ரூமைக் காலி பண்ணி வாடகைக்கு விட்டுட்டான்" என்றேன். "மெல்லப் பேசுங்க" என்றாள். "ஏன் மெல்லப் பேசணும், என் வீட்டுல நான் பேசறேன். சாமி பார்க்கப் போறவன் மூட்டையைக் கொண்டுவந்து குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கினு போற மாதிரி உன் தம்பி நைனாவை இங்கே போட்டுட்டுப் போயிட்டான். நம்ம வீடு என்ன லக்கேஜ் கவுண்டரா?"

இதுதான் நான் சொன்னது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உங்களைத்தான் திட்டினேன். ஆனால் மூட்டை என்று சொன்னது யாரை என்பதை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சரியாகவே புரிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் சுவரில் தட்டு இல்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. போய்ப் பார்த்தேன். மாமா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பையைக் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் வருவதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரி. பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு. என்னைப் பார்த்ததும், "மாப்ளே, டோக்கன் இருந்தா குடுங்க. லக்கேஜு கெளம்புது" என்றார். "ஞாயித்துக்கெழம பாலு வண்டி கொண்டாரேன்னு சொல்லிக்கிறான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "மாமா, நான் பாலுவைத்தான்..." என்று ஆரம்பித்தேன். "தெரியும் மாப்ளே. கூட்டத்துல சில்லறை ஒருத்தருக்குத்தான் நீட்டுவோம், வேற ஒருத்தர் கையில போய் உழும். பஸ்ஸுல இதெல்லாம் சகஜம்" என்று ஜன்னல் கண்ணாடியைத் தள்ளி வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சுலோச்சனாவிடம் வந்து, அவர் தப்பாக எடுத்துக்கொண்டார், நான் உன் தம்பியைத்தான் சொன்னேன் என்றேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "யாரும் அவரைக் கொண்டாந்து போடல. அவரே கேட்டுக்கினுதான் வந்தாரு. அந்த லாட்ஜுல ஏசி கீது, டிவி கீது, அவருக்குப் பேருதான் இல்ல. ரூம் பையன் நூத்தி நாலுன்னு கூப்புடுவானாம். பாலு போவாத நைனான்னு அவ்ளோ சொன்னான். இவரு, இல்லடா, சுலோ வூட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னு வந்தாரு. பொண்ணு வூட்ல தங்க மாட்டேன்னு இருந்த மனுஷன் அந்த வெக்கத்த வுட்டுட்டு வந்தாரு. நீங்க அத என்னா பண்ணீங்க?" என்றாள். நான், உன் தம்பி கொடுத்த யோசனைப்படி பஞ்சு வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது, இப்போதாவது பிரித்து வைத்துவிடலாம் என்றேன். "சுவத்துக்கு எதுக்கு? உங்க வாயில வைங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு வருகிறது, சோறு வருகிறது, பேச்சு வரவில்லை. மனைவி பேசாமல் இருக்கும் வீட்டில் ஒரு மனிதன் தன் மெல்லுகிற சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்ரீதேவி நல்ல பெண்.

மன்னிப்புக் கேட்க முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். அந்தத் தனிக் கதவுவரைக்கும் போகிறேன். வகுப்பில் அறுபது பேருக்கு முன்னால் மூச்சு விடாமல் பேசுகிறவன், அங்கே நின்று, "வெயில் எப்படி இருக்கு மாமா?" என்கிறேன். அவர், "வெயில் வெயிலாத்தான் கீது மாப்ளே" என்கிறார். திரும்பி வந்துவிடுகிறேன். பெண்ணைக் கொடுத்தவர் என்ற மரியாதை ஒரு பக்கம், இவர் நம்மிடம் தாழ்ந்து போக வேண்டியவர் என்கிற மாப்பிள்ளைத் திமிர் இன்னொரு பக்கம். இத்தனை படித்தும் அந்தத் திமிர் என் முதுகெலும்பிலேயே இருக்கிறது, வளைய மாட்டேன் என்கிறது. மெல்லிசு பைப்பு போட்டேன் என்று சொன்னேனே, இதற்கு மட்டும் கனமான பைப்பு.

ஆகவே பாலு, நீ சொன்னதுதான் சரி. நீ என்று வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும், கோபத்தில் வந்ததில்லை. பைப் விஷயத்தில் நீ சொன்னது சரி. போர்டு விஷயத்தில் சரி. பஞ்சு விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. எங்கள் கல்யாணத்தில் நீ எனக்கு மோதிரம் போட வந்தபோது, அது உள்ளே இறங்கவில்லை என்று சபை நடுவில், "இந்த மாமா விரலுக்கு வளையல்தான் சரிப்படும்" என்று சொன்னாயே, நீ சின்னப் பையன் என்று எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் இன்றுவரை அந்த விரலை

நடுவில் ஒரு சத்தம். டக் என்று ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை, வெயில் தணிகிற நேரத்தில் தகரம் சுருங்கும், இரும்புச் சட்டம் வேறு விகிதத்தில் சுருங்கும், அப்போது இப்படி ஒரு சத்தம் வரும். ஆனால் எங்கே விட்டேன் என்பது மறந்துபோய்விட்டது. மோதிர விஷயம் போகட்டும்.

நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், காரோடே வாருங்கள். ஆனால் டிக்கியில் உங்கள் லாட்ஜில் மீந்த பஞ்சுச் சுருள்களைப் போட்டுக்கொண்டு வாருங்கள். சீனுவைக் கூப்பிட்டு போர்டைக் கழற்றி உள்ளே பஞ்சை அடைத்து மூடிவிடுவோம். என் வாய் மூடாது, அது எனக்குத் தெரியும்; சுவராவது மூடட்டும். மாமாவிடம் நீங்கள் என் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், நான் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். அவர் இருக்க மறுத்தால் உங்கள் அக்கா இந்த வீட்டில் என்னோடு இருப்பாள், ஆனால் இருக்க மாட்டாள். புரிகிறதல்லவா. உங்கள் முன்னால் நான் தலை குனிவதைப் பார்க்க உங்களுக்கு ஆசை இருக்கும். அதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் குடும்பம் தழைத்து, பிள்ளைகள் படித்து, லாட்ஜ் மாடிமேல் மாடியாக உயர்ந்து, எந்த மாடியிலும் எந்தச் சுவரும் பேசாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கும்,

உங்கள் அக்கா புருஷன், வெட்கத்துடன்,
கோவர்த்தனன்.

பி.கு.: படமெடுக்க போனைக் கையில் எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மாப்ளே, லெட்டர் முடிஞ்சுதா?" என்று குரல் வந்தது. "எந்த லெட்டர் மாமா?" என்றேன். "இப்ப சொல்லிக்கினே எழுதினீங்களே, அந்த லெட்டர். நீங்க எழுதறது எழுத்து இல்ல மாப்ளே, ரேடியோ. மோதிரத்தப் பத்தி ஆரம்பிச்சப்போ ஒரு பெல் குடுத்தேன், நல்லவேளை அங்கயே நிறுத்திட்டீங்க. தகரம் சுருங்குதுன்னு வேற விளக்கம் குடுத்தீங்க." நான் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். எதிரே போர்டுதான் தெரிந்தது. அந்தப் போர்டைப் பார்த்து, "மன்னிச்சுடுங்க மாமா" என்றேன். ஆள் முகம் தெரியாததால் சுலபமாகவே வந்தது. "அத எழுதறப்பவே கேட்டுட்டேன். ஒரே டிக்கெட்ட ரெண்டு தபா கிழிக்க வேணாம்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "பாலுகிட்ட சொல்லுங்க, பஞ்சு மட்டும் வாணாம். அங்க கல்லுச் சுவரு. பக்கத்துல ஆளு வந்தானா, போனானா, உயிரோட கீறானா, ஒண்ணும் தெரியாது. இங்க சுலோ தாளிக்கிறது கேக்குது, நீங்க பாடம் நடத்தறது கேக்குது. திட்டறதும் கேக்குது, இன்னா பண்றது. அதுக்காக மத்ததெல்லாம் அடைக்க முடியுமா? திட்டணும்னா தெருமொனை வரைக்கும் போய்த் திட்டிட்டு வாங்க." அப்படியென்றால் கிளம்பின லக்கேஜ் என்னாவது என்று கேட்டேன். "கவுண்டர்ல வெச்சது வெச்சபடி இருக்கட்டும். டோக்கன் என்கிட்டயே இருக்குது" என்றார். உள்ளே படுத்திருந்த சுலோச்சனா எப்போது எழுந்து வந்தாளோ, என் பின்னால் நின்று, "நைனா, ராத்திரிக்கு களியா, சோறா?" என்றாள். என்னிடம் இல்லை, போர்டிடம்தான். ஆனால் என் தோளுக்கு மேலே. இரண்டு தட்டு கேட்டது.

ஆகவே, பாலசுப்பிரமணியன், இதனால் தெரிவித்துக்கொள்வது: மேலே எங்கெல்லாம் நீ சொன்னது சரி என்று எழுதியிருக்கிறேனோ, அங்கெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பஞ்சு வைக்கச் சொன்னது தப்பு. பஞ்சு வைக்காதது சரி. நான் ஆரம்பத்திலிருந்தே காற்றுதான் நல்லது என்று சொல்லிவந்தேன், சீனு சாட்சி. ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு, வெறும் டிக்கியோடு, குடும்பத்தோடு வாருங்கள். களியும் குழம்பும் செய்வாள். வாசலில் ரெஜிஸ்டர் எதுவும் இருக்காது, யாரிடமும் ஆதார் கேட்பதில்லை இந்த வீட்டில். அதைச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது, அன்றைக்கு உங்கள் ரிசப்ஷனில் அந்த ஆள் என்னிடம்

ஒரு தட்டு.

நிறுத்துகிறேன்.